ஆண்களின் குழந்தையின்மையும் நோயெதிர்ப்பு மண்டலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு விந்துப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஆன்டிஸ்பெர்ம் ஆன்டிபாடி' (விந்தணுவுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) என்ற வரியைப் பார்த்துக் கலங்கி வருபவர்கள், மாதிரியைக் கொடுத்துவிட்டுக் கவுன்ட்டர் அருகே தயங்கி நின்று கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவர்தான். அறிக்கையில் உள்ள ஒரு வரிக்கு என்ன பொருள், அதை எந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டும் என்பதைச் சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் விந்தணுவை ஏன் எதிர்க்க வேண்டும்?

எது தன்னுடையது, எது அந்நியம் என்ற பாடத்தை உடல் பெரும்பாலும் பிறப்பை ஒட்டிய காலத்திலேயே படித்து முடித்துவிடுகிறது. விந்தணுக்களோ பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் உருவாகத் தொடங்குகின்றன. குடும்ப அட்டை எடுத்து முடித்த பிறகு பிறந்த பிள்ளையைப் போல, அவற்றின் மேலுள்ள புரதங்களின் பெயர் அந்தப் பழைய பட்டியலில் இருப்பதில்லை. ஆகையால் நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை நேருக்கு நேர் சந்தித்தால் அந்நியம் என்றே முடிவு கட்டக்கூடும்.

அந்தச் சந்திப்பு நேராமல் இருக்க உடல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. விரையின் உள்ளே இருக்கும் நுண்குழாய்களில், 1865-இல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலிய அறிஞர் விவரித்த செல்கள், ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு சுவரை எழுப்புகின்றன. வளரும் விந்தணுக்கள் சுவருக்கு உட்புறத்திலும், இரத்தமும் அதில் வரும் நோயெதிர்ப்புச் செல்களும் வெளிப்புறத்திலும் இருக்கும்படி அமைந்த இதை இரத்த-விரைத் தடுப்பு என்கிறார்கள். சுவர் மட்டும் போதாது என்பதால், எதிர்வினையைத் தணிக்கும் சில செல்களும் வேதிப்பொருட்களும் விரைக்குள்ளேயே காவல் இருக்கின்றன. பெரும்பாலான ஆண்களுக்கு இந்த ஏற்பாடு வாழ்நாள் முழுவதும் பிசகாமல் நடக்கிறது.

அப்படியென்றால் அந்தச் சுவர் எப்போது உடைகிறது?

விரையில் பட்ட பலமான அடி, விரை முறுக்கிக்கொள்ளுதல், விந்துக் குழாயைத் தொட்ட அறுவைச் சிகிச்சை, சிறு வயதில் செய்த குடலிறக்க அறுவையில் அந்தக் குழாய்க்கு நேர்ந்த சேதம், விரைமேல் குழாய் எனப்படும் எபிடிடிமிஸில் வந்த தொற்று, பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாமை ஆகியவை முக்கியமானவை. பொதுவாகச் சொன்னால், விந்தணு தனக்குரிய பாதையை விட்டு வெளியே கசியும் சூழல், அல்லது பாதை அடைபட்டுத் தேங்கும் சூழல். வெரிகோசீல் என்ற நாள வீக்கத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்; ஆனால் அதைப் பற்றிய ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்வதில்லை.

விரை முறுக்கத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பதின்வயதுப் பையனுக்கு நள்ளிரவில் திடீரென்று ஒரு பக்க விரையில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கூச்சப்பட்டு அவன் வயிற்று வலி என்றுதான் அம்மாவிடம் சொல்வான். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால்தான் விரை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று காத்திருக்காமல், சிறுநீரியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே கொண்டு போக வேண்டும். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது.

இந்த எதிர்ப்பொருள் கருத்தரிப்பை எப்படித் தடுக்கிறது?

எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, விந்தணுவைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது. விந்தணு விலங்குகளின் உடலில் எதிர்ப்பொருளைத் தூண்டும் என்பது 1899-இலேயே லாண்ட்ஸ்டைனர், மெச்னிகோஃப் ஆகியோரின் சோதனைகளில் தெரிந்துவிட்டது. குழந்தை இல்லாத ஆண்களிடம் விந்தணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை 1954-இல் ரூம்கே, வில்சன் என்ற இருவர் தனித்தனியே அறிவித்தார்கள்.

நுண்ணோக்கியில் அது எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. நல்ல மாதிரியில் விந்தணுக்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு ஓடும். எதிர்ப்பொருள் மிகுந்த மாதிரியில் தலையோடு தலை ஒட்டிய இரண்டு, நான்கு, பத்து விந்தணுக்கள் ஒரு பூங்கொத்தைப் போலச் சேர்ந்திருக்க, வால்கள் மட்டும் வெளிப்பக்கம் துடித்துக்கொண்டிருக்கும். அத்தனையும் உயிரோடுதான் இருக்கும், ஆனால் எதுவும் நகராது. சிலருக்கு வாலோடு வால் ஒட்டியிருக்கும். இறந்த விந்தணுக்கள் சளி இழையில் சிக்கிக் கிடப்பது இதிலிருந்து வேறுபட்டது; பழகாத கண் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடும். உண்மையான ஒட்டுதலும் எதிர்ப்பொருள் இருக்கலாம் என்ற ஐயத்தைத்தான் எழுப்பும், அதை நிரூபித்துவிடாது.

ஒட்டிக்கொள்ளாத விந்தணுக்களுக்கும் தடை உண்டு. ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருள் போர்த்திய விந்தணு, பெண்ணின் கருப்பை வாய்ச் சளிக்குள் நுழைந்ததும் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டிப் போனால், தலைப்பகுதியை மூடிய எதிர்ப்பொருள் அது கருமுட்டையில் ஒட்டுவதைக் கெடுக்கக்கூடும்.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது? எதிர்ப்பொருள் இருந்தால் குழந்தையே பிறக்காதா?

குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் சுமார் 100-க்கு 5 முதல் 10 பேரிடம் இது காணப்படுவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆய்வுக்கு ஆய்வு எண் கூடும், குறையும். இயல்பாகவே குழந்தை பெற்ற ஆண்களிலும் ஒரு சிலரிடம் இது இருக்கிறது. ஆகவே எதிர்ப்பொருள் இருப்பது கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைக்கும் ஒரு காரணமே ஒழிய, வாசலைச் சாத்தும் தீர்ப்பு அல்ல. எத்தனை விழுக்காடு விந்தணுக்களில், எந்தப் பகுதியில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. வாலின் நுனியில் மட்டும் ஒட்டியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இது ஆண்மைக் குறைவா?

இல்லை. உடலுறவு ஆற்றலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மின்சார ரயில் பெட்டிகளிலும் சுவர்களிலும் ஒட்டப்படும் விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பெயரில் குழைத்துவைத்திருப்பதால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தப் பரிசோதனையை எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா?

தேவையில்லை. முதல் சுற்றிலேயே இதைக் கேட்பது வீண் செலவு என்பது என் கருத்து. சர்வதேச வழிகாட்டுதல்களும் தொடக்கப் பரிசோதனைகளில் இதைச் சேர்ப்பதில்லை. எண்ணிக்கை நன்றாக இருந்தும் நகரும் திறன் மட்டும் காரணமின்றிக் குறைந்திருந்தால், அல்லது மேலே சொன்ன பூங்கொத்துகள் தெரிந்தால், இதற்கு இடம் உண்டு. அப்போதும் மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இது இருக்கிறது என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும், சிகிச்சை மாறுமா டாக்டர்?" ஏற்கெனவே வேறு காரணத்துக்காக, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி சிகிச்சை முடிவாகிவிட்ட தம்பதியருக்குப் பெரும்பாலும் எதுவும் மாறாது.

இதைவிட முக்கியமானது அடிப்படை விந்துப் பரிசோதனை. குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று எல்லாம் முடிந்து, மாமியாரின் பேச்சையும் அவர் கேட்டு முடித்த பிறகு, கணவர் முதன்முறையாக ஒரு மாதிரி கொடுக்க வருவதை இன்றும் பார்க்கிறேன். எந்த வரிசையில் பார்த்தாலும் இது தலைகீழ்.

பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது?

பெரும்பாலான கூடங்களில் செய்வது எம்.ஏ.ஆர். (MAR) என்ற பரிசோதனை. எதிர்ப்பொருள் பூசிய மிக நுண்ணிய லேடெக்ஸ் மணிகளைப் புதிய விந்துத் துளியோடு கலந்து, அவற்றை விந்தணுவோடு இணைக்கும் ஒரு சீரத்தையும் சேர்ப்போம். விந்தணுவின் மேல் எதிர்ப்பொருள் இருந்தால் மணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மூட்டை சுமந்து ஓடுபவரைப் போல அந்த விந்தணு மணியைச் சுமந்துகொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். ஓடும் விந்தணுக்களில் எத்தனை மணி சுமக்கின்றன என்று எண்ணுகிறோம். 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கவனிக்கத் தக்கது என்பது நெடுநாள் வழக்கம். ஓடுபவற்றை மட்டுமே எண்ணுவதால், ஓடும் விந்தணுவே அரிதாக உள்ள மாதிரியில் இதைச் செய்ய முடியாது.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனையும் விற்கப்படுகிறது. இரத்தத்தில் இருப்பது விந்தணுவின் மேல் இருப்பதாக ஆகாது. கையில் காசு மிச்சமாக இருந்தாலும் அதற்குச் செலவிட வேண்டாம் என்பேன்.

மாதிரியைப் பற்றி இரண்டு சொல். உறவின்றி 2 முதல் 7 நாட்கள் இடைவெளி வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டோடு வந்து சேர வேண்டும். ஒருமுறை வண்டலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பால் கெடாமல் இருக்க வைப்பதைப் போல, மாதிரியை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சிறிய டிபன் பாக்ஸில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றுகூட அசையவில்லை. கத்திப்பாரா நெரிசலில் இன்னும் அரை மணி நேரம் கூடியிருந்தது. அவருடைய விந்தணுவில் குறை எதுவும் இல்லை என்பது மறு வாரம், கூடத்திலேயே கொடுத்த மாதிரியில் தெரிந்தது. ஒரே அறிக்கையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு விந்தணு உருவாகி வெளியே வரச் சுமார் 3 மாதம் ஆகிறது, இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்குக் காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையில் தன் கையெழுத்தைப் போட்டிருக்கும்.

அறிக்கையில் 'பஸ் செல்ஸ்' என்று எழுதியிருக்கிறது. தொற்று இருக்கிறதா?

இந்த ஒரு வரியால் சென்னையில் விற்கும் ஆன்டிபயாட்டிக் கொஞ்சநஞ்சம் அல்ல. பஸ் செல் என்பது சீழ் அணு, அதாவது வெள்ளை அணு. விந்தில் வட்டமாகத் தெரியும் எல்லாச் செல்களும் வெள்ளை அணு அல்ல. முழுமையாக வளராமல் விரையிலிருந்து உதிர்ந்து வந்த இளம் விந்தணுச் செல்களும் வட்டமாகத்தான் இருக்கும். சாயமேற்றாத துளியில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பெராக்சிடேஸ் என்ற நொதிக்கான சாயத்தைச் சேர்த்தால் வெள்ளை அணுக்களில் முக்கிய வகை பழுப்பாக மாறும், இளம் செல்கள் மாறா. அந்தச் சாயம் போட்டு எண்ணும்போது ஒரு மில்லி லிட்டருக்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்தால்தான் அதிகம் என்று கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவு. "ஒரு பார்வைப் புலத்தில் 8 முதல் 10" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து மூன்று மருத்துவர்களிடம் மூன்று சுற்று மாத்திரை சாப்பிட்டு வந்த ஒருவருக்குச் சாயம் போட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை இளம் செல்கள். அவருக்குத் தேவைப்பட்டது விரையைப் பற்றிய ஆய்வு, கிடைத்தது வயிற்றெரிச்சல்.

வெள்ளை அணுக்கள் உண்மையிலேயே மிகுதியாக இருந்தால் அதைத் தள்ளிவிட முடியாது. நோயெதிர்ப்பு மண்டலம் விந்தணுவைக் கெடுக்கும் இரண்டாவது வழி இதுதான், எதிர்ப்பொருளை விட இது பரவலானது என்றுகூடச் சொல்லலாம். கிருமியைச் சுட்டெரிக்க வெள்ளை அணுக்கள் உமிழும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள், அருகில் இருக்கும் விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வையும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழையையும் சேர்த்தே சேதப்படுத்துகின்றன. புகைப்பவர்களிடம் இந்தச் சேதம் இன்னும் கூடுதல். தொற்று உறுதியானால் அதற்கேற்ற மருந்து. பாலுறவால் பரவும் தொற்றாக இருந்தால் மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை.

சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. அதனால் பாதிப்பு இருக்குமா?

பருவமடைவதற்கு முன் வந்திருந்தால் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. பருவமடைந்த பின் வந்தவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீக்கமும் சேர்ந்து வரலாம். விரையைச் சுற்றியுள்ள உறை இழுபடாதது. உள்ளே வைரஸும் அதை எதிர்க்கும் அழற்சியும் சேர்ந்து வீங்கும்போது, விரிவதற்கு இடமின்றி உள்ளழுத்தம் ஏறித் திசு நசுங்குகிறது. சிலருக்குப் பின்னாளில் அந்த விரை சுருங்கிப்போகும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கப்படும் என்பதால் முழு மலட்டுத்தன்மை அரிது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் போடப்படுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். ஊசி, பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளைகளின் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காசநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. காசநோய்க் கிருமி இரத்தம் வழியாக எபிடிடிமிஸுக்கு வந்து தங்கினால், அதைச் சுற்றி வளைத்து அடைக்க நோயெதிர்ப்புச் செல்கள் கட்டும் முடிச்சுகளும், பின்னர் ஏற்படும் தழும்பும் விந்துக் குழாயை அங்கங்கே அடைத்துவிடுகின்றன. விரையில் விந்தணு உருவாகிக்கொண்டே இருக்கும். வெளியே வர வழி இருக்காது. மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு விரையிலிருந்து ஊசி மூலம் விந்தணுவை எடுத்து இக்ஸி செய்ய முடியும். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஊர் இது. இங்கே காசநோய் வந்ததை மறைத்து, விந்தணுவே இல்லை என்ற அறிக்கையோடு மட்டும் வருவதில் பொருள் இல்லை. பழைய சிகிச்சைச் சீட்டைக் கொண்டுவாருங்கள். தொழுநோயின் ஒரு வகையிலும், அதையொட்டி வரும் எதிர்வினைக் காய்ச்சலிலும் விரை பாதிக்கப்படுவதுண்டு.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் எதிர்ப்பொருள் போய்விடுமா?

குறையக்கூடும் என்ற எண்ணத்தில் பிரெட்னிசோலோனை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த காலம் இருந்தது. சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. விலை மட்டும் உறுதி: சர்க்கரை ஏறும், உடல் ஊதும், வயிறு புண்ணாகும், உள்ளே உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும், அரிதாக இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை இரத்த ஓட்டமின்றிச் செத்துப்போய் மூட்டையே மாற்ற வேண்டிவரும். முப்பது வயதிலேயே சர்க்கரை எட்டிப்பார்க்கும் இந்த ஊரில், குழந்தைக்காக நல்ல இடுப்பைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்று இது வழக்கமான சிகிச்சை அல்ல. மாதக்கணக்கில் ஆணுறை அணிந்தால் எதிர்ப்பொருள் தணியும் என்ற பழைய ஆலோசனைக்கும் தக்க சான்று இல்லை. அதனால் மாதங்கள் கழிவதுதான் மிச்சம்.

அப்படியானால் வழி என்ன?

அடைப்போ தொற்றோ இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். மனைவியின் வயது குறைவாகவும் எதிர்ப்பொருள் மிதமாகவும் இருந்தால், விந்தைக் கழுவித் தேர்ந்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையைச் சில சுற்றுகள் முயலலாம். கருப்பை வாய்ச் சளி என்ற தடையை அது தாண்டிவிடுகிறது. ஆனால் கழுவுவதால் எதிர்ப்பொருள் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது சேலையில் பட்ட வாழைக்கறையைப் போல இறுகப் பற்றியிருக்கும். பெரும்பாலான விந்தணுக்கள் மூடப்பட்டிருந்தாலோ, மனைவியின் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தாலோ, நேரே இக்ஸிக்குப் போகச் சொல்வார்கள். 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து அறிவிக்கப்பட்ட அந்த முறையில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைத்துவிடுவதால், ஒட்டுவது, நீந்துவது, துளைப்பது என்ற கேள்விகளே எழுவதில்லை. செல்லும் மையம் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு செய்தவர், மீண்டும் குழாயை இணைத்தால் எதிர்ப்பொருள் தடுக்குமா?

வாசக்டமி செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. இருந்தும் மறு இணைப்புக்குப் பின் பலருக்குக் குழந்தை பிறக்கிறது. இதில் பெரிதும் பொருட்படுத்த வேண்டியவை கட்டுப்பாடு செய்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதும் மனைவியின் வயதும்தான்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியம், பொடி எடுத்துக்கொள்ளலாமா?

எதிர்ப்பொருள் பிரச்சினையில் எதிர்ப்பு குறைவாக இல்லை. தேவையற்ற இடத்தில் கூடுதலாக இருக்கிறது. கூட்டுவதாகச் சொல்லி விற்பவரிடம் எதைக் கூட்டப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

கோவிட் தடுப்பூசியால் விந்தணு பாதிக்கப்பட்டதா?

இல்லை. 2021-இல் அமெரிக்காவில் 45 ஆண்களின் விந்தை எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தபோது எந்தச் சரிவும் காணப்படவில்லை. கடுமையான கோவிட் காய்ச்சல்தான் சில மாதங்களுக்கு எண்ணிக்கையைக் குறைத்தது.

எனக்கு மூட்டுவாதம், லூபஸ், குடல் அழற்சி போன்ற, நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய் இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

நோயைவிட அதற்கான மருந்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். மருத்துவர் மாற்று மருந்துக்கு மாற்றினால் இரண்டு, மூன்று மாதங்களில் எண்ணிக்கை மீளும். நீங்களாக நிறுத்தக் கூடாது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தரப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு அப்படியல்ல, அதன் சேதம் நிலைத்துவிடலாம். ஆகவே அந்த மருந்தின் முதல் ஊசிக்கு முன்பே விந்தைப் பதிவு பெற்ற வங்கியில் உறைய வைக்க வேண்டும். திருமணமாகாத இருபது வயதுப் பையனுக்கும் இது பொருந்தும். அவனிடம் இதைச் சொல்ல வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், சிறுநீரக மருத்துவரோ வாத நோய் மருத்துவரோ சிகிச்சையைத் தொடங்கும் அன்றே, அப்பாவை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவனிடம் தனியாகப் பேசினால் போதும்.